பக்கவாதம் வந்து 5 மாதம்: டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த பயிற்சித் தாளை இன்னும் அப்படியே செய்யலாமா?

உசிலை_மகன்

அப்பாவுக்கு 63 வயது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 5 மாதம் முடிந்திருக்கிறது. இப்போதைய நிலை இது:

நடை: நாலுகால் குச்சியோடு வீட்டுக்குள் தானாக நடக்கிறார். வலது பாதத்தின் முன்பகுதி தரையில் உரசுகிறது. வாசலில் 3 படி, அதற்கு ஆள் பிடிக்க வேண்டும்.
கை: தோளில் வலி. முழங்கை மடங்கியே இருக்கிறது, விரல்கள் மூடிக்கொள்கின்றன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் லேசாக விரிக்கிறார்.
பேச்சு: நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. அவர் சொல்வது "ஆமா", "இல்ல", "வா" மட்டும். சில நேரம் ஆமாவும் இல்லையும் மாறி வருகிறது.
சாப்பாடு: மூக்கு ட்யூப் எடுத்தாயிற்று. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். அம்மாதான் ஊட்டிவிடுகிறார், குளிப்பாட்டுகிறார்.

டிஸ்சார்ஜ் தாளில் உள்ளவை: படுத்தபடி காலை மடக்கி நீட்டுவது 10 முறை, விட்டத்தில் கட்டிய கப்பிக் கயிற்றை இழுத்துக் கையைத் தூக்குவது, ரப்பர் பந்தை அமுக்குவது. இவற்றையே இன்னும் செய்கிறோம். கொஞ்ச நாளாகத் தாளை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வீட்டை ஒட்டி எங்கள் பலசரக்குக் கடை. அதைக் கையைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்கிறார்.

தாளை மாற்ற வேண்டுமா? 6 மாதத்துக்குப் பிறகு எந்தப் பயிற்சியும் பலிக்காது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா?

---

மேலூர்_பிசியோ

தம்பி, அந்தத் தாள் படுக்கையில் கிடந்த மனுஷனுக்கு எழுதியது. அவர் எழுந்து நடக்கிறார், தாள் மட்டும் இன்னும் படுத்திருக்கிறது. முகத்தைத் திருப்புவதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கையைக் காட்டும் இடத்திலிருந்துதான் புதுத் தாளைத் தொடங்க வேண்டும்.

கடையில் உட்கார என்னென்ன வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். 3 படி இறங்க வேண்டும். நாற்காலியில் ஒரு மணி நேரமாவது சாயாமல் உட்கார வேண்டும். ஆள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இடது கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், வலது கை தொங்கி இழுபடாமல் இருக்க வேண்டும். இனிமேல் இவைதான் அவருடைய பயிற்சி.

முதலில் நிறுத்த வேண்டியவை. கப்பியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். கை தலைக்கு மேல் போகும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே மேல்நோக்கித் திரும்ப வேண்டும். விழுந்த பக்கத்தில் அது திரும்பாது. கப்பி கையை மட்டும் இழுக்கும், நடுவில் மாட்டிய தசைநார் இரண்டு எலும்புக்கும் இடையில் நசுங்கும். தோள் வலிக்கு இது ஒரு முக்கியமான காரணம். பந்தும் வேண்டாம். மூடும் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது. அவருக்கு வராதது விரிப்பதுதான்.

தோளுக்கு: உட்காரும்போது வலது முன்கை எப்போதும் தலையணை மேலோ மேசை மேலோ இருக்கட்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது, கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. எழுப்பும்போது இடுப்பில் ஒரு வேட்டியை மடித்துக் கட்டி அதைப் பிடியுங்கள். தோள் எலும்பின் நுனிக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள், ஒரு விரல் அகலம் பள்ளம் தட்டினால் மூட்டு கீழே இறங்கியிருக்கிறது. அப்படியிருந்தால் நடக்கும்போது மட்டும் கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தூளி போடலாம். நாள் முழுக்கப் போட்டால் முழங்கை மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். நீங்களாகக் கையைத் தூக்கிவிடுவது தோள் உயரம் வரை போதும், அதுவும் உள்ளங்கை மேலே பார்த்தபடி.

விரல்களை நுனியைப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள். மணிக்கட்டை முதலில் கீழ்ப்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். பிறகு கட்டைவிரலை அடிப்பக்கத்தில் பிடித்து வெளியே எடுங்கள், அப்புறம் மற்ற விரல்கள், கடைசியில் மணிக்கட்டை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். அப்படியே 30 வினாடியாவது பிடியுங்கள். உள்ளங்கை வியர்த்துப் புழுங்கிப் புண்ணாகும், தினமும் கழுவி ஈரம் போகத் துடையுங்கள்.

இறுக்கம் திடீரென்று கூடினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் காரணம் தேடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருப்பது, படுக்கைப் புண் எதுவாகவும் இருக்கலாம். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டால் சுமார் 3 மாதம் தசை தளர்ந்திருக்கும். அந்த 3 மாதமும் கையைப் பழக்கவில்லை என்றால் ஊசிக்குக் கொடுத்த காசுக்குப் பலன் குறைவு.

காலுக்கு, படுத்து மடக்கி நீட்டுவதற்குப் பதிலாக உட்கார்ந்து எழுவது. சாதாரண நாற்காலி 45 செ.மீ. உயரம் இருக்கும். கனமான பலகை போட்டு 50, 52 செ.மீ. ஆக்கிக்கொண்டு தொடங்குங்கள். இரண்டு பாதமும் முட்டிக்குச் சற்றுப் பின்னால், வலது பாதம் இன்னும் கொஞ்சம் பின்னால். மூக்கு கால்விரலைத் தாண்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்து எழ வேண்டும். ஒரு தடவைக்கு 5 முதல் 8, நாளில் பல தடவை பிரித்து 40, 50 வரை போகட்டும். சுலபமானதும் பலகையை எடுத்துவிடுங்கள். எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: முழு எடையையும் இடது காலில் போட்டே எழுந்து பழகிவிடுவார்கள். எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வலது காலடியில் வைத்து, இடது பாதத்துக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை போட்டால் வலது கால் எவ்வளவு தாங்குகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

பாதம் உரசுவதற்குக் கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் ஸ்ப்ளிண்ட் (ஏ.எஃப்.ஓ. என்பார்கள்) அளவெடுத்துச் செய்ய வேண்டும். காலுறை போட்டு அதன்மேல் மாட்டுங்கள், குதிகால் முழுசாக உள்ளே உட்கார வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20, 30 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது, திருப்பிக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் ஒரு சிக்கல்: செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறும் ஸ்ப்ளிண்டோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி வெல்க்ரோ ஷூ தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதாக. ரப்பர் செருப்பு உதவாது.

குச்சி இடது கையில்தான். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குப் பிடி வர வேண்டும். நாலு காலில் அதிகம் நீண்டிருக்கும் பக்கம் உடம்புக்கு வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் அவர் காலே தட்டும்.

6 மாதக் கணக்கு பற்றி. முதல் 3 மாதத்தில் மூளை தானாக மீள்வது வேகமாக நடக்கும், பிறகு வேகம் குறையும். அதற்காகக் கதவு சாத்திவிடுவதில்லை. எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரோ அந்த வேலை வருஷம் கடந்தும் தேறும். இரண்டு விரல் தானாக விரிவது நல்ல அறிகுறி, அந்தக் கையைக் கைவிடாதீர்கள்.

---

பேச்சுப்பயிற்சி_திருமங்கலம்

தண்ணீரில் இருமல் என்பதை முதலில் கவனியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. விழுங்கும் திறனை நேரில் ஒருவர் சோதிக்க வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடுவதால், தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் சோறு இறங்குகிறது, தண்ணீர் மட்டும் இருமவைக்கிறது.

நம் ஊரில் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இவருக்கு ஆபத்து. தலை பின்னால் போனால் மூச்சுப் பாதை திறந்துகொள்ளும். வாய் வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, ஒரு நேரத்தில் ஒரு மடக்கு. சாய்ந்து படுத்தபடி எதுவும் கொடுக்க வேண்டாம். நேராக உட்காரவைத்து, சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும்.

கெட்டியும் நீருமாகக் கலந்த உணவு தொல்லை: ரசம் சோறு, பருக்கை மிதக்கும் கஞ்சி, சாம்பாரில் மிதக்கவிட்ட இட்லி. அதே இட்லியைக் கெட்டிச் சாம்பாரில் குழைத்துக் கொடுக்கலாம். குழைந்த தயிர்சாதம், கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் கூழ் நல்லது. பொரி, முறுக்கு, வேர்க்கடலை இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்குவது என்பதைச் சோதித்தவரே சொல்ல வேண்டும். கெட்டித் தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, மதுரை வெயிலில் உடம்பு வறண்டுவிடும். சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை.

இருமல் நின்றுவிட்டது என்பதற்காகப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும். சாப்பிட்டபின் குரல் கரகரவென்று ஈரமாக இருந்தாலோ, காய்ச்சலும் சளியும் அடிக்கடி வந்தாலோ உடனே காட்டுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

இனிப் பேச்சு. ஆமாவும் இல்லையும் மாறி வருகிறது என்றீர்கள். அப்படியானால் "கடைக்குப் போகணுமா?" என்று கேட்டு வரும் பதிலை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. படம் காட்டுங்கள். குளிப்பது, சாப்பிடுவது, கடை, கோயில், டீக்கடை, படி, கையெழுத்து, பேரப்பிள்ளை என்று 12, 15 போட்டோவை போனில் எடுத்து அச்சுப் போடுங்கள். மேசையில் மூன்று இடம் குறியுங்கள்: "இப்பவே வேணும்", "பிறகு", "வேணாம்". ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து அவரையே வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் திரும்பச் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே இடத்தில் விழுந்தவைதான் அவர் மனதில் இருப்பவை.

பேசும்போது டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். எல்லோரும் அவசரப்பட்டு அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமை சொல்வது, பழகிய முருகன் பாட்டு, இவை தானாக வருகிற பேச்சு. சொந்தமாக ஒரு வார்த்தை வராதவருக்கும் பாட்டு வரும். அங்கிருந்து தொடங்கலாம். கடை அவருக்குப் பழகிய இடம் என்பதால் பயிற்சிக்கான சொற்களையும் அங்கிருந்தே எடுங்கள்: பருப்பு, சீனி, எண்ணெய், அரைக் கிலோ. காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்த வேண்டாம். அறிவு குறைந்துவிட்டது என்று அவர் எதிரில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்குப் புரியும்.

---

ஓ.டி._அக்கா (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்)

அம்மா ஊட்டுவதை நிறுத்த வேண்டும். கடுமையாகத் தெரிந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரால் முடிந்ததை நாம் செய்துகொடுத்தால் அது அவரிடமிருந்து போய்விடும். ஆனால் ஒன்று, இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட நம் ஆட்களுக்குக் கூச்சம். அதனால்தான் பலர் ஊட்டிவிடச் சம்மதிக்கிறார்கள், விருந்தாளி வந்தால் சாப்பிடவே மறுக்கிறார்கள். கையைக் கட்டாயப்படுத்தாமல் ஸ்பூன் கொடுங்கள், அவரோடு உட்கார்ந்து நீங்களும் ஸ்பூனில் சாப்பிடுங்கள். விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. தட்டின் வலது ஓரத்தில் மட்டும் சோறு மிச்சமாகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், கண் பார்வைப் பரப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். கடையில் வலது பக்கம் நிற்கும் ஆளையும் அவர் பார்க்கமாட்டார், படியிலும் இடிப்பார்.

சட்டை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது இடது கை முதலில். ஒற்றைக் கையால் வேட்டி நிற்காது, வெல்க்ரோ வைத்த வேட்டியோ இடுப்பில் எலாஸ்டிக் தைத்த லுங்கியோ வாங்குங்கள். குளியலுக்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, வாளியை ஒரு முக்காலி மேல் தூக்கி வையுங்கள், குனிய வேண்டியிருக்காது. வெந்நீரை வலது கையில் ஊற்றிச் சூடு பார்க்கக் கூடாது, மரத்த கைக்குச் சுடுவது தெரியாது. கீழே உட்காரும் கழிப்பறை என்றால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. நாற்காலியின் கால்களில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கடைக்கு: கை வைத்த நாற்காலி, முழங்கை உயரத்துக்கு மேசை, வலது முன்கை அதன் மேல். அந்தக் கைக்குச் சும்மா கிடக்காமல் ஒரு வேலை கொடுங்கள். பொட்டலப் பையின் அடியைப் பிடித்துக்கொள்வது, பில் தாளின் மேல் கனமாக இருப்பது, இடது கை நோட்டு எண்ணும்போது கட்டை அமுக்கிப் பிடிப்பது. தராசும் கல்லாவும் இடது பக்கம். முதலில் காலையில் கூட்டமில்லாத அரை மணி நேரம் மட்டும். மூளை அடிபட்டபின் வரும் களைப்பு உடம்புக் களைப்பு மாதிரி இல்லை, இரைச்சலும் கணக்கும் சேர்ந்தால் திடீரென்று ஆள் சுருண்டுவிடுவார். களைப்பதற்கு முன்பே எழுப்பிக் கூட்டிவந்துவிடுங்கள்.

---

உசிலை_மகன்

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. படம் வைத்துப் பார்த்தோம். இரண்டு நாளும் "இப்பவே வேணும்" என்பதில் கடையும், தானாகக் குளிப்பதும் விழுந்தன. நடைப்பயிற்சிப் படத்தை "பிறகு" என்பதில் வைத்தார், பந்துப் படத்தைத் தள்ளியே விட்டார்.

இன்னும் சில கேள்விகள். அடிக்கடி அழுகிறார், என்ன செய்வது? தெரிந்தவர்கள் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள். அரசு உதவி என்ன கிடைக்கும்? படி ஏறும்போது இடது கைப் பக்கம் சுவர் இருக்கிறது, வலது பக்கம் பொதுப்பாதை. ஒரு பக்கம்தான் கம்பி போட முடியும், போதுமா?

---

சுகாதார_செவிலியர்_வாடிப்பட்டி

அழுகையில் இரண்டு வகை. ஒன்று, காரணமில்லாமல் சட்டென்று வந்து சட்டென்று நிற்பது. பேச்சை மாற்றினால் நின்றுவிடும். அது மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. மற்றொன்று மனச்சோர்வு: தூக்கம், பசி குறைவது, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராதது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இரண்டுக்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் எந்தப் பயிற்சியும் ஏறாது.

புறா ரத்தம் வேண்டவே வேண்டாம். அடைப்பு மூளையில், தோலில் தேய்த்து அங்கே எதுவும் போய்ச் சேராது. சூடாக எண்ணெய் காய்ச்சி மரத்த காலில் ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம்தான் மிஞ்சும். தோளை உருவிவிட்டு இழுக்கும் வைத்தியமும் அப்படித்தான், இருக்கும் வலியைக் கூட்டும்.

ரத்த அழுத்தம் பொதுவாக 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் "நல்லாயிட்டார்" என்று நிறுத்துவதால் மறுபடி வருவதைப் பார்க்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும், வெளியே போக முடியாதவர்களுக்கு பிசியோவும் வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். ஸ்ப்ளிண்ட், இறுக்கத்துக்கு ஊசி போன்றவற்றுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் உடலியல் மருத்துவ மறுவாழ்வுப் பிரிவில் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பொதுவாக 6 மாதம் கழித்துத்தான் சதவீதம் மதிப்பிடுவார்கள், பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். கை கால் குறைபாட்டோடு பேச்சுக் குறைபாட்டையும் சேர்த்து மதிப்பிடச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு தாளில் அப்பாவின் இன்றைய நிலையை எழுதி வீட்டில் ஒட்டுங்கள்: வாய் எவ்வளவு கோணல், என்னென்ன வார்த்தை வரும், கை எவ்வளவு தூக்குவார். ஏற்கெனவே விழுந்த பக்கத்தில் புது அடைப்பு வந்தால் வீட்டாருக்கே தெரியாமல் போகும். நடை திடீரென்று மோசமானாலோ, வரும் வார்த்தையும் நின்றாலோ, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வழியில் வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் கூட. அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும்.

அம்மாவுக்கும் பி.பி. பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவர் பொறுப்பெடுங்கள்.

---

மேலூர்_பிசியோ

தம்பி, நடையை "பிறகு" என்பதில் வைத்தது பரவாயில்லை, கடைக்குப் போனாலே நடைதான். இந்த மாதத் தாளில் மூன்றே எழுதுங்கள்: உட்கார்ந்து எழுவது, படி, நாற்காலியில் உட்கார்ந்து தானாக ஊற்றிக் குளிப்பது. மாதம் ஒருமுறை படங்களைத் திரும்ப வையுங்கள். இடையில் விழுந்தாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, ஸ்ப்ளிண்ட் புதிதாக வந்தாலோ மாதம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே தாளை மாற்றுங்கள்.

கம்பி ஒரு பக்கம் போதும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், படியின் முனையிலிருந்து 34 முதல் 36 அங்குல உயரம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி. கம்பி முதல் படியையும் கடைசிப் படியையும் தாண்டி ஒரு அடி நீளட்டும். பழைய வீட்டுப் படி 8, 9 அங்குல உயரம் இருந்தால் செங்கல் வைத்துப் படிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றும் சுமார் 6 அங்குலம் வரும்படி பூசுங்கள்.

ஏறும்போது இடது கை கம்பியில், இடது கால் முதலில், பிறகு வலது. இறங்கும்போது கம்பி வலது பக்கம் வந்துவிடும், அந்தக் கையால் பிடிக்க முடியாது. அதனால் வீட்டைப் பார்த்தபடியே நின்று, அதே இடது கையால் அதே கம்பியைப் பிடித்துப் பின்னோக்கி இறங்கட்டும்: வலது கால் முதலில் கீழே, முழுப் பாதமும் படிந்த பிறகு இடது கால். நீங்கள் அவருக்குப் பின்னால், ஒரு படி கீழே, வலது பக்கமாக நின்று இடுப்பு வேட்டியைப் பிடியுங்கள். குச்சியை முன்கூட்டியே கீழே, கம்பி முடியும் இடத்தில், அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்துவிடுங்கள்.